ஐவர், எல்லாம் சுகம்

பார்னஃபெல்ட்
24 ஜூன் 1991, திங்கள்

அன்புள்ள டோனியாவுக்கு,

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் படகுத்துறைப் பாதையில் சைக்கிளில் வந்தவர்கள்: முன்னால் வரைபடத்தோடு என் வீட்டுக்காரர் மார்டன். அவருக்குப் பின்னால் பிராம். அடுத்து பிராமின் மனைவி லேனா. அடுத்து உன் எவர்ட். கடைசியில் நான். ஆக ஐந்து பேர். நீ முழங்கால் வீங்கி, காலையிலேயே ரொட்டிக்காரரின் வேனில் மூட்டைகளோடு அக்கரை விடுதிக்குப் போய்விட்டாய். வேறு யாரும் நம்மோடு இல்லை. படகில் மழைக்கோட்டு போட்ட வெளியூர்க்காரர்கள் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். அவர்கள் நம் கணக்கில் சேரமாட்டார்கள்.

எவர்ட்டின் அடக்கத்தன்று நீ என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான்: "அங்க யார் யாருடி இருந்தீங்க?" அதற்குப் பதினோரு நாள் கழித்து இப்போது பதில் எழுதுகிறேன். பள்ளிக்கூடம் ஆறு வருஷத்தோடு நின்றவள் நான். வேதமும் பாட்டுப் புத்தகமும் படித்தே எழுத்தைப் பழகினேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

உனக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் முறையாக எழுதினால்தான் என் மனசு ஒழுங்குபடும். திங்கட்கிழமை ஆறு பேராகக் கிளம்பினோம். திருப்பம் வரும் இடத்தில் எல்லாம் மார்டன் ஒருவரை நிற்க வைத்துவிட்டு முன்னே போவார். கடைசியாக வரும் நான் எல்லாரும் கடந்துவிட்டார்களா என்று பார்த்து, மணியை இரண்டு முறை அடிப்பேன். இரண்டு முறை அடித்தால் 'எல்லாரும் வந்தாச்சு' என்று அர்த்தம். நிற்கிறவர் அப்போதுதான் கிளம்பலாம். எண்ணுவதில் தப்பு வராது என்று நீங்கள் எல்லாரும் சேர்ந்துதான் என்னைக் கடைசியில் போட்டீர்கள். நேரத்தையும் தலைகளையும் என் சின்ன நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டே வந்தேன்.

சனிக்கிழமை அறுபத்தொரு கிலோமீட்டர். மத்தியானத்திலிருந்து மழை, எதிர்க்காற்று. லெக் ஆற்றில் கடைசிப் படகு ஆறு மணிக்கு. அந்தத் துறையில் ஞாயிற்றுக்கிழமை படகு கிடையாது. துறைக்குக் கொஞ்ச தூரம் இருக்கும்போது எவர்ட் பின்தங்கினார். நீங்கள் போங்கள், நான் பாலம் வழியாக வருகிறேன் என்றார். மற்றதை நீ அறிவாய். ஞாயிறு காலை ஐந்தரைக்கு, ஆற்றோர மேய்ச்சலுக்கு மாடு கறக்கப் போன விவசாயி அவரைப் பார்த்தார். துறைக்கு இருநூற்றைம்பது மீட்டர் முன்னால், அந்தக் காளான் மாதிரிக் குட்டையான வழிகாட்டிக் கல்லில் சாய்ந்தபடி இருந்தார்.

பாலத்துக்குப் போகப் புறப்பட்டு, முடியாமல் அங்கேயே உட்கார்ந்திருப்பார் என்று நினைக்கிறோம்.

கர்த்தர் கொடுத்ததைக் கர்த்தர் எடுத்துக்கொள்கிறார். அதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியாது.

இன்னொன்று. கல்லறைப் பக்கம் நான் கை நீட்டினேன். நீ கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டாய். செப்டம்பர் முதல் ஞாயிறு எங்கள் சபையில் திருவிருந்து. ஒரு சகோதரி என்மேல் மனத்தாங்கலாக இருக்கும்போது நான் அந்த மேசைக்குப் போய் அப்பம் எடுக்கக் கூடாது. பதினெட்டு வயதில் சபை வகுப்பில் நீயும் நானும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து கற்றுக்கொண்டதுதான் இது. என்ன மனத்தாங்கல் என்று எழுது.

உன் அலைடா

*

யெர்சேக
29 ஜூன்

அலைடா,

கடிதம் வந்தது. பள்ளிக்கூடத்தில் பேர் வாசிப்பது போல வரிசையாக எழுதியிருக்கிறாய். எவர்ட்டுக்கு நாலாவது இடம். நன்றி.

நான் இப்போது அக்கா வீட்டில் இருக்கிறேன். வீடு முழுக்கச் சிப்பி வாடை. அவள் ஒன்றும் கேட்பதில்லை, உருளைக்கிழங்கை மட்டும் தட்டில் வைத்துக்கொண்டே இருக்கிறாள். அதனால்தான் இங்கே வந்தேன்.

ஒரு விஷயம் எனக்கு விளங்கவில்லை. எவர்ட் இருபத்தொன்பது வருஷம் தபால்காரர். சைக்கிளில் எந்த வழி குறுக்கு, எந்த வழி சுற்று என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். துறையிலிருந்து பாலத்துக்குப் பதினெட்டு கிலோமீட்டர். பாலம் தாண்டி விடுதிக்கு இன்னொரு பதினெட்டு. எதிர்க்காற்று, மழை. இருநூற்றைம்பது மீட்டரில் படகு நிற்கிறது. அதை விட்டுவிட்டு முப்பத்தாறு கிலோமீட்டர் சுற்றிப் போகிறேன் என்று சொன்னாரா? சாயங்காலம் காய்கறி வாங்கக்கூடக் குறுக்குச் சந்தில் போகிற மனுஷன்.

அன்றைக்கு நீங்கள் நாலு பேரும் நனைந்து வந்து நின்றீர்கள். "எவர்ட் எங்கடி?" என்றேன். "பாலம் வழியா வர்றார். மூணு மணி நேரமாவது ஆகும்" என்றாய். சூப்பை அடுப்பு ஓரத்தில் வைத்தேன். மூணு மணி நேரம் அது ஆறாமல் பார்த்துக்கொண்டேன். ஏழு மணிக்குக் கிளறினேன், எட்டு மணிக்குக் கிளறினேன். ஒன்பது வரைக்கும் எனக்குப் பயமே வரவில்லை, தெரியுமா? நீ சொன்ன கணக்கு அப்படி. ஒன்பதரைக்குத்தான் மார்டனும் பிராமும் விடுதிக்காரரின் காரில் தேடப் போனார்கள். எங்கே? பாலத்துச் சாலையில்.

டாக்டர் என்ன சொன்னார் என்று உனக்குத் தெரியாது. எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவில் உயிர் போயிருக்கும் என்றார்.

அவர் சொன்ன வார்த்தைகளை அப்படியே எழுது. உன் வேதாகம நடையில் வேண்டாம். அவர் வாயிலிருந்து வந்த மாதிரி.

அந்த நோட்டுப் புத்தகத்தையும் அனுப்பு.

டோனியா

*

பார்னஃபெல்ட்
8 ஜூலை

அன்புள்ள டோனியாவுக்கு,

டாக்டர் சொன்ன நேரம் எனக்குத் தெரியாது. உன் கடிதத்தைப் படித்த பிறகு இரண்டு நாள் துணிகூட மடிக்கவில்லை.

புத்தகத்தை இத்துடன் அனுப்புகிறேன். ஒரு தாளும் கிழிக்கவில்லை, ஒரு வரியும் அடிக்கவில்லை. வழியில் கிடைத்த சீட்டுகளை எல்லாம் அந்தந்தத் தேதியில் ஒட்டியிருக்கிறேன். நம் பொதுப் பணத்துக்கு நான்தானே பொறுப்பு. சனிக்கிழமைச் சாயங்காலத்தோடு அது முடிகிறது. ஞாயிறு ஓய்வுநாள், அன்று நான் பேனாவோ சைக்கிளோ தொடுவதில்லை, உனக்குத் தெரியும்.

நீ கேட்டாய், சொல்கிறேன். அவர் வார்த்தை இதுதான்: "நீங்க போங்க. நான் மெதுவா பாலம் வழியா வர்றேன்."

ஆனால் டோனியா, அதற்கு முந்தின நாளையும் நீ மறக்கக் கூடாது. வெள்ளிக்கிழமை இரவுச் சாப்பாட்டில் நீயும் இருந்தாய். மார்டன் ஜெபம் முடித்து ஆமென் சொல்லி வாய் மூடவில்லை, அதற்குள் எவர்ட் ஆரம்பித்துவிட்டார்.

"ஏன் மூப்பரம்மா, நாளைக்கு அந்தக் கடைசிப் படகை விட்டுட்டோம்னா என்ன பண்ணுவீங்க?"

பெண்களுக்கு மூப்பர் பதவி இல்லாத சபையில் என்னை 'மூப்பரம்மா' என்று கூப்பிடுவது அவருக்கு ஒரு சந்தோஷம். முப்பது வருஷமாகச் சிரித்துக்கொண்டேதான் வாங்கிக்கொண்டேன்.

"விடமாட்டோம்," என்றேன்.

"சக்கரத்துல காத்துப் போச்சுன்னா? எனக்கு மூச்சு வாங்குச்சுன்னா? இந்தக் கரையிலயே வைக்கப்போர்ல படுத்துட்டு, ஞாயித்துக்கிழமை காலையில ஜம்முனு சைக்கிள் மிதிக்க வேண்டியதுதான். கோயிலுக்குப் போறவங்க எல்லாம் சன்னல் வழியா பார்ப்பாங்க. 'ஐயோ, பார்னஃபெல்ட் அலைடா!'"

பிராம் சிரித்தார். லேனா சிரித்தாள். நீயும் சிரித்தாய். "விடுங்க அவளை, சும்மா கிண்டாதீங்க" என்று சொல்லிக்கொண்டேதான் சிரித்தாய்.

"நான் வேணும்னே ஒரு கல்லுல உட்கார்ந்துக்குவேன் பாருங்க," என்றார். "நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு. மூப்பரம்மா என்ன பண்றாங்கன்னு பார்க்கணும். என்னைத் தூக்குறாங்களா, ஓய்வுநாளைத் தூக்குறாங்களான்னு."

இது நடந்ததா இல்லையா? நீயே சொல். நான் இதை எழுதுவது அவரைக் குறை சொல்வதற்கு அல்ல. மனிதர்கள் எவ்வளவு இலேசாகப் பேசிவிடுகிறோம் என்பதற்காக எழுதுகிறேன்.

உனக்காகத் தினமும் ஜெபிக்கிறேன்.

அலைடா

*

யெர்சேக
22 ஜூலை

அலைடா,

நான் சிரித்தேன். அது உண்மை. அதை நீ எனக்கு ஞாபகப்படுத்த வேண்டியதில்லை. பல் தேய்க்கும்போது ஞாபகம் வருகிறது, ரொட்டி வெட்டும்போது வருகிறது.

புத்தகம் வந்தது. முதலில் இருந்து படித்தேன். உன்னைப் போல எழுத யாராலும் முடியாது. "செவ்வாய், 10.40, காளான் கல், அறுவர், வெயில், மோர் நல்லது." "வியாழன், 3.15, லேனாவுக்குச் சக்கரம் பஞ்சர், அறுவர்." அவர் உயிரோடு இருந்த ஆறு நாளையும் ஒருத்தி இப்படி எண்ணி வைத்திருக்கிறாள் என்று பார்த்தபோது ஒரு நிமிஷம் உன்மேல் எனக்குப் பிரியம்கூட வந்தது.

பிறகு சனிக்கிழமை வந்தது. "5.58, படகுத்துறை, தென்மேற்குக் காற்று பலம், மழை. ஐவர், எல்லாம் சுகம்." அதற்குக் கீழே கடைசி வரி: "கணக்கு மூடப்பட்டது."

ஐவர்.

கீழே படகுச் சீட்டு ஐந்து, வரிசையாக ஒட்டியிருக்கிறது. நாலு சீட்டுக்கு மூலை கிழிந்திருக்கிறது. ஐந்தாவது முழுசாக இருக்கிறது. படகுக்காரன் எண்ணத் தெரிந்தவன். நீ எண்ணத் தெரிந்தவள். அவன் நாலு என்று எண்ணினான், நீ ஐந்து என்று எழுதினாய். பாலம் வழியாகப் போகிறவரைப் படகில் ஏன் சேர்த்து எழுதினாய்?

போன வாரம் லேனா ரயில் ஏறி வந்தாள். மேசை முன்னால் உட்கார்ந்ததும் அழ ஆரம்பித்தாள்.

"டோனியா, அவ ரெண்டு தடவை மணி அடிச்சா," என்றாள்.

"எப்ப?"

"துறையில. படகுப் பலகையில ஏறும்போது. படகுக்காரன் அவசரப்படுறான், மார்டன் விடல. 'மணி கேக்காம நகரக் கூடாது'ன்னு கத்துறார். நாங்க மழைத்தொப்பியை இழுத்துவிட்டுக்கிட்டு ஆத்தைப் பார்த்து நின்னோம். மணி கேட்டுச்சு. ரெண்டு தடவை. எல்லாரும் வந்தாச்சுன்னு நினைச்சு நான் திரும்பிக்கூடப் பார்க்கல. படகு நகர்ந்தப்புறம்தான் மார்டன் 'எவர்ட் எங்க?'ன்னார். அப்பத்தான் அவ பாலம்னு சொன்னா."

"முன்னாடி சொல்லலையா?"

"முன்னாடி மணிதான் அடிச்சா."

அலைடா, இன்னொன்று. போலீஸ்காரர் எனக்கு ஒரு சாவி கொடுத்தார். எவர்ட்டின் சைக்கிள் சாவி. சைக்கிள் ஸ்டாண்டு போட்டு, பூட்டி, நேராக நின்றதாம். சாவி கால்சட்டைப் பையில் இருந்ததாம். திடீரென்று விழுகிறவன் சைக்கிளைப் பூட்டமாட்டான். இறங்கி, ஸ்டாண்டு போட்டு, பூட்டி, சாவியைப் பையில் போட்டு, அதன் பிறகு உட்கார்ந்திருக்கிறார். இரண்டு மணி நேரத்துக்கு மேல் அங்கே இருந்திருக்கிறார். படகு போன பிறகு அந்தப் பாதையில் யாருக்கு என்ன வேலை? தண்ணீரில் போய் முடிகிற பாதை.

நான் மூன்று கேள்வி கேட்கிறேன். அவர் நிஜமாக என்ன சொன்னார்? நீ ஏன் மணி அடித்தாய்? அந்த மணி அவருக்குக் கேட்டிருக்குமா?

மூன்றாவதுதான் எனக்கு முக்கியம். தன்னை விட்டுவிட்டுப் போகிறார்கள் என்று தெரிந்தா என் புருஷன் செத்தார், இல்லை யாராவது வருவார்கள் என்று பார்த்துக்கொண்டா செத்தார்? எனக்கு அது தெரிய வேண்டும். தூங்க முடியவில்லை.

உன் திருவிருந்து எனக்கு முக்கியமில்லை. ஆனால் உனக்கு முக்கியம் என்பதால் சொல்கிறேன்: இந்த மூன்றுக்கும் உண்மை வராமல் நான் உன் கையைத் தொடமாட்டேன்.

டோனியா

*

(அஞ்சலட்டை)

யெர்சேக
6 ஆகஸ்ட்

இரண்டு வாரம் ஆகிவிட்டது. தபால் எவ்வளவு நாளில் வரும் என்று தபால்காரன் பெண்டாட்டிக்குத் தெரியாதா?

டோ.

*

பார்னஃபெல்ட்
19 ஆகஸ்ட், திங்கள்

டோனியா,

'அன்புள்ள' என்று எழுத உட்கார்ந்தேன். உன் அனுமதி இல்லாமல் அதை எழுதுவது சரியில்லை என்று விட்டுவிட்டேன்.

உன் மூன்று கேள்விக்கும் வரிசையாகப் பதில் எழுதுகிறேன். முன்பு எழுதிய இரண்டு கடிதத்திலும் பொய் இருக்கிறது. பாலம் என்ற பேச்சை எவர்ட் எடுக்கவே இல்லை. அது முழுக்க என் வாயில் பிறந்தது.

முதல் கேள்வி. மேட்டுக்கரையிலிருந்து துறைக்கு இறங்குகிற பாதையில் மற்ற மூன்று பேரும் முன்னால் போய்விட்டார்கள். எவர்ட் சைக்கிளை விட்டு இறங்கினார். நான் பக்கத்தில் வந்து ஒரு காலை ஊன்றி நின்றேன். அவர் சொன்னது: "நில்லு அலைடா. ஒரு நிமிஷம் நில்லு. கை கனக்குது."

மூப்பரம்மா என்று கூப்பிடவில்லை. அலைடா என்றுதான் கூப்பிட்டார். அப்போதே நான் புரிந்துகொண்டிருக்க வேண்டும்.

நான் சொன்னது: "இந்த நாடகத்தை நேத்தே பார்த்தாச்சு, எவர்ட். ஞாயித்துக்கிழமைக்கு இது வேணாம். படகு கிளம்புது, வாங்க."

அவர்: "நாடகம் இல்லடி. நிஜமாத்தான். அவங்களை நிறுத்து."

நான் நிறுத்தவில்லை. மிதித்தேன். சரிவு முழுக்க வில்லோ மரங்கள் வரிசையாக நிற்கின்றன. அவை முடிகிற இடத்தில் ஒரு தடவை திரும்பிப் பார்த்தேன். அந்தக் கல்லில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கையைத் தூக்கினார். சொன்னதைச் செய்துகாட்டுகிறார், கல்லில் உட்காருவேன் என்றார், உட்கார்ந்துவிட்டார் என்று நினைத்தேன். கையை ஆட்டி எனக்கு விடைகொடுக்கிறார் என்று நினைத்தேன். டோனியா, அப்படி நினைக்க விரும்பினேன் என்று எழுதுவதுதான் சரி.

இரண்டாவது கேள்வி. மணி அடிக்காமல் மார்டன் படகை விடமாட்டார். படகு போய்விட்டால் ஓய்வுநாளை அந்தக் கரையில் கழிக்க வேண்டும். வெள்ளிக்கிழமை என்னைப் பார்த்துச் சிரித்த நாலு பேரும் இன்னொரு தடவை சிரிப்பார்கள். இந்த இரண்டில் எது பெரிய காரணம் என்று பத்து வாரமாக முழங்காலில் நின்று கேட்டுப் பார்த்துவிட்டேன். ஓய்வுநாள் என்று பதில் வந்தால் தேவலை. ஒவ்வொரு தடவையும் சிரிப்பு என்றுதான் வருகிறது.

இரண்டு முறை அடித்தேன். படகுக்காரர் சீட்டைக் கிழித்தபடி, "நாலு தலைதானே தெரியுது?" என்றார். படகு நகர்ந்தது, மார்டன் கேட்டார், நான் பாலம் என்றேன். எவர்ட் துறைப் பக்கத்துக் கடையில் நனையாமல் உட்கார்ந்து பீர் குடித்துக்கொண்டு என்னைப் பற்றிப் பேசிச் சிரிப்பார், திங்கட்கிழமை வருவார் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். ஐவர் என்று படகிலேயே எழுதினேன். ஐந்து சீட்டு வாங்கினேன், ஐந்து பேர் என்று எழுதிக் கணக்கை மூடினேன். கிழியாத சீட்டை ஆற்றில் போட்டிருக்கலாம். வாங்கிய சீட்டைத் தொலைத்து எனக்குப் பழக்கம் இல்லை. ஒட்டிவிட்டேன்.

நீ சூப்பைக் கிளறியதை நான் பார்த்தேன். ஏழு மணிக்கும் பார்த்தேன், எட்டு மணிக்கும் பார்த்தேன். நான் ஒரு வார்த்தை மாற்றிச் சொல்லியிருந்தால் போதும். 'டோனியா, பாலம் இல்லை, துறைப் பாதை' என்றால் விடுதிக்காரர் தொலைபேசியில் அக்கரைக்குச் சொல்லியிருப்பார், ஐந்து நிமிஷத்தில் யாராவது போயிருப்பார்கள். பொய் சொன்னது தெரிந்துவிடுமே என்று வாயை மூடிக்கொண்டு உருளைக்கிழங்கு உரித்தேன். ஒன்பதரைக்கு மார்டன் கார் கதவைச் சாத்திக்கொண்டு, "பாலத்துச் சாலைதானே?" என்று கேட்டார். "ஆமா" என்றேன். படகு போன பிறகு அந்தப் பாதையில் யாருக்கும் வேலை இல்லை என்று எழுதியிருந்தாய். எனக்கு இருந்தது.

மூன்றாவது கேள்விக்காகத்தான் இத்தனை நாள் ஆனது.

இதைத் தெரிந்துகொள்ள எனக்கு இன்னொருவர் வேண்டியிருந்தது. அதனால் மார்டனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டு முடித்ததும் எழுந்து போய்க் கோழிகளுக்குத் தீனி போட்டார். ஏற்கெனவே போட்டிருந்தார், மறுபடியும் போட்டார். அதற்குப் பிறகு தேவையான வார்த்தைகளை மட்டும் என்னோடு பேசுகிறார். நான் கேட்டதை மட்டும் மறுக்காமல் செய்தார்.

ஜூலை 30, செவ்வாய்க்கிழமை, ரயிலில் சைக்கிளை ஏற்றிப் போனோம். நான் அந்தக் கல்லில் சாய்ந்து, எவர்ட் உட்கார்ந்த மாதிரியே உட்கார்ந்தேன். மார்டன் என் சைக்கிளைத் துறைக்குக் கொண்டுபோய், படகுப் பலகையில் நின்று, இரண்டு முறை மணி அடித்தார். பத்துத் தடவை அப்படி அடித்தார்.

கேட்கவில்லை. ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து உனக்கு அந்த ஒரு வரியை எழுத உட்கார்ந்தேன். 'கேட்டிருக்காது, டோனியா. நிம்மதியாக இரு.' எழுதியும்விட்டேன். உறையில் போட்டு எச்சில் தொட்டு ஒட்டினேன். அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன், அதை மறைக்கக் கூடாது.

காலையில் முற்றத்தில் துணி காயப்போடும்போது, அவை எந்தப் பக்கம் பறக்கின்றன என்று பார்த்தேன். செவ்வாய்க்கிழமை அடித்தது கிழக்குக் காற்று, கரையிலிருந்து ஆற்றை நோக்கி. அந்தச் சனிக்கிழமை தென்மேற்கு. புத்தகத்தில் என் கையாலேயே எழுதியிருக்கிறேன், நீயும் படித்துச் சொன்னாய். ஆற்றிலிருந்து கல்லை நோக்கி அடித்த காற்று.

உறையைப் பிரித்து அடுப்பில் போட்டேன். தென்மேற்குக் காற்றும் மழையும் சேர்ந்து வருவதற்குக் காத்திருந்தேன். உன் அஞ்சலட்டை அந்த நாட்களில்தான் வந்தது. பதில் போடாததற்குக் காரணம் அதுதான்.

போன புதன், ஆகஸ்ட் 14, வந்தது. மழைக்கோட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு அதே இடத்தில் உட்கார்ந்தேன். மார்டன் போனார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

கேட்டது, டோனியா. முதல் அடியும் கேட்டது, இரண்டாவது அடியும் கேட்டது. தொப்பிக்குள்ளும் கேட்டது. வாரம் முழுக்க அந்த மணியைக் கேட்டுப் பழகியவருக்கு அதன் அர்த்தம் தெரியாமல் இருக்காது. மரவரிசைக்கு இடையே படகு நகர்வதும் அந்த இடத்திலிருந்து தெரிகிறது. மார்டன் திரும்பி வந்து, "கேட்டுச்சா?" என்றார். தலையாட்டினேன். அவர் சைக்கிளைப் பிடித்தபடி என்னைப் பார்க்காமல் நின்றார். பிறகு, "எழுதிடு" என்றார்.

எழுதிவிட்டேன்.

வியாழக்கிழமை மூப்பர் வீட்டுக்கு வருகிறார். அவரிடமும் சொல்லிவிடுவேன். போலீஸாரிடமும் சொல்ல வேண்டும் என்று நீ நினைத்தால் அதையும் செய்கிறேன், மார்டன் கூட வருவார். செப்டம்பரில் நான் மேசைக்குப் போகவில்லை. மன்னிப்பு என்ற வார்த்தையை இந்தக் கடிதத்தில் எழுதக் கூடாது என்று முதலிலேயே முடிவு செய்தேன். அதைக் கேட்டால் உன்மேல் இன்னொரு பாரம் ஏற்றுகிற மாதிரி இருக்கும்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். புத்தகம் உன்னிடம் இருக்கிறது. அதில் சனிக்கிழமைக்குக் கீழே இருக்கிற கடைசி வரிகள் பொய். அவற்றை அப்படியே விட்டுவிட்டுச் சாக என்னால் முடியாது. திருத்துகிற உரிமையும் எனக்கு இல்லை. நீ உன் கையால் அடித்து 'நால்வர்' என்று எழுதுவாயா, இல்லை எனக்குத் திருப்பி அனுப்புவாயா, இல்லை அப்படியே வைத்துக்கொள்வாயா? எது என்று ஒரு வரி போதும்.

சீக்கிரம் பதில் எழுது.

அலைடா